குண்டு விழுந்த தூரம் வரை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், செஞ்சி வந்ததும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து அந்த மலைகளைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து ஓடும் மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

அந்தக் கோட்டைக்குள் ஒரு சின்ன அரசின் பட்ஜெட் கதை ஒளிந்திருக்கிறது.

1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். அது அவருடைய மகனுக்கு உதவியது. 1689-ல் அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட, தம்பி ராஜாராம் தப்பி ஓடிவந்து செஞ்சியில் அடைக்கலமானார். மராட்டிய அரசின் தலைநகரமே இங்கு வந்துவிட்டது. பின்னாலேயே வந்தது, சுல்பிகர் கான் தலைமையில் முகலாயப் படை. 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது.

எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? ராஜகிரி உச்சிக்குப் போக ஒரு பிளவைத் தாண்ட வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் வழியே இல்லை. உள்ளே குளங்கள் உண்டு, நெற்களஞ்சியம் உண்டு. மதில் இருக்கிறது, நெல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஆனால் வீரனுக்குச் சம்பளம்?

கஜானா காலி. ராஜாராம் மூன்று வழிகளைத் தேடினார்.

முதல் வழி, வாக்குறுதி. எதிரி கையில் இருக்கும் நிலத்தை, 'மீட்டால் உனக்கே' என்று தளபதிகளுக்கு எழுதிக் கொடுத்தார். 1692 கடைசியில் சந்தாஜியும் தனாஜியும் குதிரைப்படையோடு வந்து இறங்கியதும், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் முகலாயப் படை முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

இரண்டாவது வழி, சொந்தக்காரரின் உதவி. தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜி கைகொடுத்தார். அதற்கு விலையும் கொடுத்தார். 1694-ல் முகலாயப் படை தஞ்சைக்கே போய், கப்பம் கட்டச் சம்மதிக்க வைத்தது.

மூன்றாவது வழி, விற்பனை. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் ஆங்கிலக் கிழக்கிந்திய கம்பெனிக்கு விற்றார். அப்போது சென்னை கவர்னர் எலிகு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் அவர்தான். எல்லையை அளந்த விதம்தான் விசேஷம். கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு. இருப்பதிலேயே நன்றாகச் சுடும் பீரங்கியைத் தேடி அனுப்பினார்கள் ஆங்கிலேயர்கள். கடலூரும் அந்த வட்டத்துக்குள் விழுந்தது. அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது.

ராஜாராமைக் குறை சொல்ல முடியாது. வாசலில் முகலாயப் படை நிற்கும்போது, நாளைக்குச் சாப்பாடு போடுகிறவனிடம்தான் கை நீளும். கோட்டை விழுவதற்கு முன்பே அவர் தப்பித்து மகாராஷ்டிரா போய்ச் சேர்ந்தார். அரசும் பிழைத்தது.

ஆனால் விற்ற நிலம் திரும்பவில்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னையை இழந்த கம்பெனிக்கு, ஒதுங்க இடம் கொடுத்ததே அந்தத் தேவனாம்பட்டினம் கோட்டைதான். அங்கே ஒதுங்கிப் பிழைத்த கம்பெனி, 1761-ல் செஞ்சியையே பிடித்தது. எந்தக் கோட்டையைக் காப்பாற்ற நிலம் விற்கப்பட்டதோ, அந்தக் கோட்டையே வாங்கியவர் கைக்குப் போனது.

இன்றும் சின்ன நாடுகளுக்கு இதே கணக்குதான். ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி தன் மண்ணில் அமெரிக்கா, பிரான்ஸ், சீனா, ஜப்பான் எல்லோருக்கும் ராணுவத் தளம் அமைக்க இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் வாடகைக்கு. ஒருவரையே நம்பவில்லை, நிலத்தையும் விற்கவில்லை.

அடுத்த முறை குழந்தைகளோடு செஞ்சிக்குப் போனால், மதிலைப் பார்த்த கையோடு நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். மதில் எதிரியைத்தான் தடுக்கும். பசியையும் கடனையும் தடுக்காது.