யானையை எடுத்து வை

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்தால் என்னையும் அப்பாவையும் பார்க்கலாம். சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைதான் எங்கள் இடம்.

எனக்கு 8 வயதானபோது சொல்லிக்கொடுத்தார். ஆட்டம் தொடங்கும் முன்பே தம்முடைய யானை ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். "இப்போ சமம். இனிமே ஒரு காயும் விட்டுத்தர மாட்டேன்" என்பார். நான் அழுதாலும் விடமாட்டார். 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பால் மார்ஃபியும் தம்மைவிட வலு குறைந்தவர்களுடன் இப்படிக் காயைக் குறைத்து ஆடியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு 16 வயதில் ஒருநாள், யானை பைக்குள் போகவில்லை. அன்று தோற்றேன். ஆனாலும் இரவெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

வலுவில் இடைவெளி இருந்தால் முடிவு பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். இருவருக்கும் 400 தரப்புள்ளி வித்தியாசம் என்றால், 11 ஆட்டங்களில் வலுவானவருக்கு 10 புள்ளி கிடைக்கும் என்கிறது எலோ கணக்கு. மிஞ்சும் அந்த ஒன்றுக்காகத்தான் மற்றவர் உட்காருகிறார். 2024 பிப்ரவரியில் நம் சிங்கப்பூரின் 8 வயது அஷ்வத் கௌஷிக், சுவிட்சர்லாந்தில் போலந்து கிராண்ட்மாஸ்டர் யாசெக் ஸ்டோபாவை வென்றது நினைவிருக்கும். குழந்தைதானே என்று அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த வெற்றிக்கு என்ன மதிப்பு?

இதெல்லாம் தெரிந்தும் போன வாரம் தவறு செய்தேன்.

அப்பாவுக்கு இப்போது 72. முன்போல் கவனம் நிற்பதில்லை. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றவரின் முகம் வாடியது. நான்காவதில், தெரியாததுபோல் என் ராணியை அவருடைய குதிரை பாயும் கட்டத்தில் வைத்தேன்.

அப்பா அதை வெட்டவில்லை. ராணியை எடுத்துப் பழைய கட்டத்திலேயே வைத்தார்.

"என்னை ஏமாத்தித்தான் ஜெயிக்க வைக்கணுமாம்மா? யானையை எடுத்து வை. புதுசா ஆடுவோம்."

எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். பிறகு ஒரு காயும் விட்டுத்தரவில்லை. முக்கால் மணி நேரம் போராடித் தோற்றேன். அப்பா மேசையைத் தட்டிச் சிரித்த சத்தம் காப்பிக் கடைவரை கேட்டிருக்கும்.

நேற்று ஒலிபரப்புக் கூடத்தில் ஹெட்ஃபோனைத் தேடியபோது, கைப்பையிலிருந்து யானை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று அப்பா சொல்லட்டும்.