பீடிக்கு மட்டும் எதற்கு இந்தச் சலுகை?

ஜிஎஸ்டி மன்றம் 2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடி எடுத்த முடிவுகளுக்குக் கிடைத்த கைதட்டல் கொஞ்சநஞ்சமில்லை. சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 விழுக்காட்டிலிருந்து 5க்கு இறங்கின, சந்தோஷம். சிகரெட், குட்கா, பான் மசாலா வகையறாவுக்கு 40 என்று வைத்தார்கள். அதிலும் நமக்குக் குறையில்லை. ஆனால், புகையிலைக் குடும்பத்திலேயே பீடிக்கு மட்டும் 28 ஆக இருந்த வரியை 18 ஆகக் குறைத்தார்கள். பீடி சுற்றும் இலைக்கு 18இலிருந்து 5. பல் துலக்கும் பசைக்கும், பல்லைத் தின்னும் பீடியின் இலைக்கும் ஒரே வரி என்பது யாருடைய யோசனையோ தெரியவில்லை.

இது பற்றி நடக்க வேண்டிய விவாதமும் நடக்கவில்லை. பீடியையும் பீகாரையும் முடிச்சுப் போட்ட ஒரு கேலிப் பதிவைச் சுற்றிச் சில நாட்கள் சண்டை நடந்தது. கட்சிகள் ஒன்றையொன்று திட்டித் தீர்த்தன, விஷயம் ஆறிப்போனது.

கணக்கை நேராகப் பார்ப்போம். 28 விழுக்காடு வரி என்றால் கடையில் கொடுக்கும் விலையில் சுமார் 22 விழுக்காடு வரி. 18 என்றால் 15 விழுக்காட்டுச் சொச்சம். புகையிலைப் பொருளின் சில்லறை விலையில் குறைந்தது 75 விழுக்காடு வரியாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நாம் 22இல் நின்றுகொண்டு, 75ஐ நோக்கி நடக்க வேண்டியவர்கள், 15க்குத் திரும்பியிருக்கிறோம். பொருளாதார அறிஞர் ரிஜோ ஜான் போட்ட கணக்கின்படி, பீடியால் வரும் நோய்களாலும் அகால மரணங்களாலும் 2017இல் இந்த நாட்டுக்கு நேர்ந்த இழப்பு சுமார் 80,500 கோடி ரூபாய். 2016-17இல் பீடி மீதான கலால் வரியாக வந்ததோ சுமார் 417 கோடி. வரியைக் குறைத்தவர்களின் மேசைக்கு இந்தத் தாள் போகவே இல்லையா, போயும் புரட்டப்படவில்லையா?

பீடி ஏதோ இயற்கையான, நாட்டுப்புறத்துச் சிறு தப்பு என்கிற நினைப்பு இன்னும் போகவில்லை. இலைச் சுருளில் காற்று எளிதாகப் புகாது. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூள் சிகரெட்டை விடக் குறைவு. ஆனாலும் நுரையீரலுக்குப் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2003இல் வெளிவந்த ஓர் அலசலில், பீடி குடிப்பவர்களுக்கு வாய்ப்புற்றுநோய் வரும் வாய்ப்பு, குடிக்காதவர்களை விட மூன்று மடங்கு என்று தெரிந்தது. இந்தியாவில் சிகரெட் பிடிப்பவர்களை விடப் பீடி குடிப்பவர்களே அதிகம். 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 7.7 விழுக்காட்டினர், ஏழு கோடிக்கு மேல்.

இந்த ஏழு கோடியில் ஒரு பகுதியினரைப் பற்றித்தான் நம் கோபம். மனநோயோடு வாழ்கிறவர்கள். இந்த வரிக்குறைப்பைப் பற்றி எழுதியவர்கள் தொழிலாளியைப் பேசினார்கள், வருவாயைப் பேசினார்கள், தேர்தலைப் பேசினார்கள். இவர்களைப் பற்றி ஒரு வரி நம் கண்ணில் படவில்லை.

இருபது நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளைச் சேர்த்து 2005இல் வெளிவந்த அலசல், மனச்சிதைவு உள்ளவர்கள் புகைப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களை விட ஐந்து மடங்குக்கு மேல் என்று காட்டியது. ‘பாவம், அவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது’ என்று வீட்டாரும் சொல்வார்கள், வார்டில் இருப்பவர்களும் சொல்வார்கள். அந்த ஆறுதல் கதைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதும் வெளியே வந்துவிட்டது. மனச்சிதைவு உள்ளவர்கள் தங்களுக்குத் தாங்களே மருந்துபோலப் புகையைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கருத்தை வளர்த்த ஆராய்ச்சிகளுக்குப் புகையிலைக் கம்பெனிகளே பணம் கொடுத்திருக்கின்றன. அமெரிக்க வழக்குகளில் வெளியான கம்பெனிகளின் உள் ஆவணங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள் 2008இல் இதை எழுதினார்கள். உண்மை நிலவரம் வேறு. 26 ஆய்வுகளை அலசி 2014இல் வந்த கட்டுரை, புகையை விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படியே என்றது. எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கேற்று 2016இல் முடிவு வெளியான பெரிய பரிசோதனையில் பாதிப் பேர் மனநோய் வரலாறு உள்ளவர்கள். புகையை விட உதவும் மாத்திரைகளால் அவர்களுக்கு மனநலக் கேடு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. விட முடியாது, விட்டால் நோய் முற்றும் என்ற இரண்டு சாக்குகளும் அத்தோடு போயின.

இவர்களுக்குப் புகை செய்யும் கெடுதல் நுரையீரலோடு நிற்பதில்லை. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டிவிட, குளோசபின், ஓலான்சபின் போன்ற மருந்துகள் சீக்கிரமே உடம்பிலிருந்து வெளியேறுகின்றன. புகைப்பவருக்கு அதே பலன் கிடைக்க டோஸைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அவர் நிறுத்தினால் உடனே கவனித்துக் குறைக்க வேண்டும். வீட்டில் கடன் வாங்கி மாத்திரை வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கைப் பீடி எரித்துவிடுகிறது.

அடுத்தது வாய். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மனநோய்க்கான மருந்துகள் பலவும் எச்சிலைக் குறைக்கும். எச்சில்தான் பல்லைக் கழுவுகிறது, அமிலத்தைத் தணிக்கிறது. அது வற்றினால் சொத்தை வேகமாகப் பரவும். வாய் காய்கிறதே என்று சர்க்கரை போட்ட டீயை மறுபடி மறுபடி குடிப்பார்கள், மிட்டாயைச் சப்புவார்கள்; சொத்தை இன்னும் பரவும். அதற்கு மேல் புகை. ஈறு நோயின் முதல் அறிகுறி இரத்தக்கசிவு. புகைப்பவர்களுக்கு ஈறில் இரத்த ஓட்டம் குறைந்து அந்த அறிகுறியே மறைந்துவிடுகிறது. பல் ஆடத் தொடங்கும்போதுதான் தெரியும். நோயின் சோர்வில் தினமும் பல் துலக்குவதே பாடாக இருக்கும் ஒருவர், பல் மருத்துவரிடம் தானாகப் போய் உட்காருவார் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? தீவிர மனநோய் உள்ளவர்கள் ஒரு பல் விடாமல் எல்லாவற்றையும் இழந்திருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிஸ்லி குழுவினர் உலக ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் எழுதினார்கள். பல் இல்லாதவர் எதைச் சாப்பிடுவார், யாரோடு வாய் திறந்து பேசுவார், எந்த வேலைக்கு நேர்முகத்துக்குப் போவார்? வாயில் வெள்ளைத் திட்டு வந்தாலும் ஆறாத புண் வந்தாலும் யார் அதைப் பார்ப்பார்கள்? திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வு 2005இலேயே சொன்னது: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களின் வாயைத் திறந்து பார்த்துச் சோதித்தாலே வாய்ப்புற்றுநோய்ச் சாவை மூன்றில் ஒரு பங்கு தடுக்கலாம். ஒரு டார்ச் விளக்கும் பழகிய கண்ணும் போதும். மனநல வெளிநோயாளர் பிரிவில் அந்த டார்ச்சை எடுப்பவர் யார்?

நாட்டில் மனநலத்துக்கு 1982 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. புகையிலைக்கு 2007-08 முதல் ஒன்று. வாய் நலத்துக்கு 2014 முதல் இன்னொன்று. ஒரே ஆளின் மூளையும் நுரையீரலும் பல்லும் மூன்று கோப்புகளில் இருக்கின்றன. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் எடுத்தது, வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்குப் புகையிலைக்கு அடிமையாகும் கோளாறு இருப்பதைக் கண்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை. அப்படியானால் மருத்துவர் போகாத இடத்துக்கும் போகக்கூடியது எது? விலை ஒன்றுதான். பீடி விலை 10 விழுக்காடு ஏறினால் நுகர்வு 9 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்று நம் நாட்டுத் தரவிலிருந்தே காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரே கருவியைத்தான் கையிலிருந்து நழுவவிட்டார்கள்.

நழுவவிட்டார்கள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். ஆட்சியாளர்களின் பழைய கணக்கு நமக்கு மறந்துவிடவில்லை. பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் போட 2006இல் விதி எழுதினார்கள். மண்டையோடு வேண்டாம், பிணம் வேண்டாம், பீடித் தொழில் படுத்துவிடும் என்று இழுத்து இழுத்து, படம் ஒருவழியாக வந்தது 2009 மே 31இல், நீர்த்துப்போன வடிவத்தில். படத்தை 85 விழுக்காடாகப் பெரிதாக்குவது 2015 ஏப்ரலில் நடந்திருக்க வேண்டும். புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று இந்திய ஆய்வு எதுவும் இல்லை என ஒரு நாடாளுமன்றக் குழுவின் தலைவரே பேசினார். அந்தக் குழுவில் பீடி வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவரும் இருந்தார். எர்ணாகுளத்திலும் ஸ்ரீகாகுளத்திலும் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்துப் பல்லாண்டு ஆய்வு செய்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள்! படம் பெரிதாவது ஓராண்டு தள்ளிப்போனது. ஆனால், 2019இல் மின்சிகரெட்டைத் தடை செய்ய இவர்களுக்கு ஓர் அவசரச் சட்டம் போதுமானதாக இருந்தது. உள்ளூரில் அதற்கு முதலாளியும் இல்லை, ஓட்டும் இல்லை.

தொழிலாளி பெயரைச் சொல்லித்தான் இந்த முறையும் தப்பித்தார்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களை நமக்கும் தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி; தூள் நெடியில் இருமல்; கழித்துப் போட்ட பீடிக்குக் கூலியில்லை. வரிக்குறைப்பு முடிவில் இவர்களின் கூலி உயர வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டா? கிடையாது. குறைந்த பத்துப் புள்ளி யார் பைக்குப் போகும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இவர்களுக்கு மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் படிப்புதவி, வீடு என்று பணம் தந்துகொண்டிருந்தது 1976இல் சட்டம் போட்டு வசூலித்த பீடித் தொழிலாளர் நல வரி. முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனையும் அந்த ஏற்பாட்டில் வந்ததே. ஜிஎஸ்டி வந்த 2017இல் அந்த நல வரியை ரத்து செய்தவர்கள் யார்? இன்று தொழிலாளிக்காகக் கண்ணீர் வடிக்கும் அதே ஆட்கள். அன்று பீடித் தொழிலாளியின் பணத்தில் கை வைத்தார்கள். இன்று அவளைக் காட்டி பீடி முதலாளிக்கு வழிவிடுகிறார்கள். புகையிலையை நம்பி வாழ்பவர்களுக்கு மாற்றுப் பிழைப்புக்கு வழிசெய்வோம் என்று 2003இல் உலகின் முன் கையெழுத்துப் போட்டது நம் நாடு. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் மாற்றுத் தொழில் என்று அந்தப் பெண்கள் கையில் கொடுத்தது என்ன?

ஜிஎஸ்டி மன்றத்தில் எல்லா மாநிலங்களின் நிதியமைச்சர்களும் உட்காருகிறார்கள். நம் மாநிலத்துக்கும் நாற்காலி உண்டு. 2009-10இல் 16.2 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் புகையிலைப் பழக்கம் 2016-17இல் 20 விழுக்காடானது. நாடு முழுதும் குறைந்தபோது இங்கே கூடியது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசையில் வாயை மூடியிருப்பதற்கு நியாயம் இல்லை.

பீடி விகிதம் மறுபடி மன்றத்தின் முன் வர வேண்டும். எவ்வளவு ஏற்றுவது, எத்தனை கட்டமாக என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். வரும் பணத்தில் ஒரு பங்கு பீடி சுற்றும் பெண்களுக்கும், ஒரு பங்கு மனநலப் பிரிவுகளில் பல்லையும் புகையையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாட்டுக்கும் போக வழி கண்டாக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கான குறிப்பை எழுதும் அதிகாரி, ஒரு நாள் ஏதாவது ஒரு மனநல வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் வரிசையில் நிற்பவர்களின் வாயைப் பார்த்துவிட்டு வந்து எழுதட்டும்.