யாருடைய சொல்?

யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றிய மயில்வாகனப் புலவர், தம் ஆதார நூல்கள் நான்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அவற்றுள் பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் இன்று கிடைப்பதில்லை. அவற்றின் சொற்கள் எவை, புலவருடைய சொற்கள் எவை என்று பிரித்தறிய வழியுமில்லை.

மண்கும்பான் பற்றிய ஒப்படையில் நானும் இப்படித்தான் சொற்களைக் கலந்தேன். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளைப் பற்றி உம்மம்மா சொன்னதைப் பாடநூல் தமிழாக்கி மேற்கோள்குறிக்குள் இட்டேன். வாசித்துக் காட்டியதும், “இது நான் சொன்னதில்லையே, மகள்” என்றார்.

மேற்கோள்குறிக்குள் வருவது அமானிதம். சொல்லை மாற்றினால் குறியை எடுத்துவிட வேண்டும். மாற்றாவிட்டால் சொன்னவர் பெயரும், நூலாயின் பக்கமும் கூடவே வரவேண்டும். அறிவித்தவர் தொடரைக் காத்த ஹதீஸ் கலையைப் படிக்கும் எமக்கு இது புதிதல்லவே!