அழித்துவிட்டோம் என்னும் பொய்

கல்லூரிகளும் அலுவலகங்களும் தமக்கு வேண்டாத கணினிகளை ஜமுனாமரத்தூர் போன்ற ஜவ்வாது மலையூர்களின் பள்ளிகளுக்கு வழங்குவதை நாம் பழிக்கவில்லை. அக்கணினியோடு பிறருடைய அந்தரங்கத்தையும் தானம் செய்ய உங்களுக்கு உரிமை தந்தவர் யார் என்று மட்டுமே கேட்கிறோம்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டோமே" என்பார்கள். அழிக்கவில்லை. கோப்பை நீக்குவதென்பது நூலின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது. விரைவு பார்மட் என்பது பொருளடக்கத் தாளையே கிழிப்பது. பழைய வன்தட்டில் பக்கங்கள் இரண்டின் பின்னும் அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருள் அவற்றைப் படித்துவிடும். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கார்ஃபிங்கலும் ஷெலாட்டும் பழைய வன்தட்டுகள் 158 வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். இயங்கியவை 129, முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. கடன் அட்டை எண்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

நம் கல்லூரிக் கணினிகளில் இருப்பவை எவை? மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், கட்டணச் சலுகை வேண்டி ஒரு மாணவி குடும்ப நிலையை விவரித்து எழுதிய விண்ணப்பம், மலையாளிப் பழங்குடி மாணவர் அலுவலகப் படிகள் ஏறி இறங்கிப் பெற்ற இனச்சான்று. அவை நம் சொத்தல்ல. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை.

இம்மலையை அடுத்த செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகத்தியோடு அவன் நாய் கோவிவனின் பெயரும் பதினான்கு நூற்றாண்டுகளாக நிற்கிறது. நிற்க வேண்டும் என்றே அது வெட்டப்பட்டது. அம்மாணவியின் விண்ணப்பம் அப்படி எழுதப்பட்டதன்று. காக்க வேண்டிய சுவடிகளைக் கரையானுக்குக் கொடுத்த நாம், அழிக்க வேண்டியதைத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம்.

அஞ்சி வன்தட்டைச் சுத்தியலால் நொறுக்குவதும் தீர்வன்று; அது ஒரு குழந்தையின் கணினியைப் பறிப்பது. காந்த வன்தட்டாயின் முழுப்பரப்பிலும் ஒருமுறை பூச்சியங்களை எழுதினால் பொதுவாகப் போதும். சில மணி நேர வேலை. எஸ்.எஸ்.டி. எனில் மேலெழுதுவது எல்லா மூலைகளையும் எட்டாது. அதற்குள்ளேயே அமைந்த அழிப்புக் கட்டளையை இயக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே வட்டை மறையாக்கம் செய்திருந்தால், திறவுகோலை அழிப்பதே போதும். இவற்றுக்குப் பெரும்பாலும் காசும் தேவையில்லை, கவனம்தான் தேவை.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கம் முடிந்த தரவை அழிப்பதைக் கடமையாக்குகிறது. ஆசிரியர்களுக்கு இதைச் சட்டம் வந்தா சொல்ல வேண்டும்?

இனி ஒவ்வொரு கொடைக் கணினியோடும் ஒரு தாள் மலையேறட்டும்: வன்தட்டை யார், எந்நாளில், எம்முறையில் துடைத்தார் என்று கையொப்பத்துடன். அத்தாளின்றி வரும் கணினியை மலைப் பள்ளிகள் தயங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.