ஒரு பேருக்கு எவ்வளவு? மாதத்துக்கு எத்தனை பேர்?



நவம்பர் 7ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், நமது நாட்சம்பளம் 1750 ரூபா ஆகும் என்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்திருக்கிறார். பூண்டுலோயாவின் லயங்களிலும் பெரட்டுக்களங்களிலும் இப்போது இதுதான் பேச்சு.

இந்த உயர்வை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். 1750ஐப் பிரித்துப் பார்ப்போம். கம்பனி தரும் அடிப்படைச் சம்பளம் 1350இலிருந்து 1550 ஆகிறது. மீதி 200 ரூபாவை வரவு ஊக்குவிப்பு என்ற பெயரில் அரசாங்கம் தருகிறது.

அந்த 200 நிலைக்குமா? பழைய சம்பளத் துண்டுகளை எடுத்துப் பாருங்கள். 2016இல் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30, மொத்தம் 730. 2019இல் அடிப்படை 700 ஆனது. 200 ரூபா உயர்வு என்று மேளம் அடித்தார்கள். ஆனால் வரவுக்காசும் உற்பத்திக்காசும் காணாமல் போயின. விலைப் பங்கு 50ஐச் சேர்த்தால் மொத்தம் 750. மேளம் அடித்தது 200க்கு, கைக்கு வந்தது 20.

2024 மே மாத வர்த்தமானியில் 1700 என்றார்கள். அடிப்படை 1350, அதற்கு மேல் 350 கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் வந்த வர்த்தமானியில் 1350 நின்றது, 350 போய்விட்டது. அடிப்படை என்று எழுதப்பட்டதுதான் ஒவ்வொரு முறையும் மிஞ்சியது. பக்கத்தில் ஒட்டிய காசெல்லாம் உதிர்ந்துவிட்டது.

உதிராமல் நின்றாலும் நமக்கு நட்டம் உண்டு. ஊக்குவிப்புக் காசு அடிப்படையில் சேராவிட்டால், ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி கட்டும் 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டும் 3 வீதமும் அதற்குக் கிடையாது. மாதம் 25 நாள் வேலை செய்பவருக்கு 200 வீதம் 5000 ரூபா. அதில் 15 வீதம் 750 ரூபா. வருடத்துக்கு 9000 ரூபா. பணிக்கொடையையும் பாருங்கள். ஒரு வருடச் சேவைக்கு 14 நாட்சம்பளம் என்பது சட்டம். 30 வருடம் கூடை சுமந்த தாய்க்கு அந்த 200 அடிப்படையில் இல்லாததால் மட்டும் 84,000 ரூபா குறையும். கிழவியாகி நிற்கும்போது அந்தக் காசை யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்தது வேலை நாட்கள். மற்றப் பல தொழில்களில் மாதக் கணக்கில் பேசுகிறார்கள். நம்மிடம் நாள் கணக்கில் பேசுகிறார்கள். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியில் 30,000 ஆகிறது. அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டம் கட்டமாக உயர்த்தப்படுகிறது. எங்களில் தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவர்களும் அந்த உயர்வில் பங்குள்ளவர்கள்தான், அதை ஒளிக்க மாட்டோம். மழை அடித்தாலும், கொழுந்து காய்ந்தாலும் எங்கள் மாதச் சம்பளம் குறையாது. எங்கள் முன்வாங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தாய்க்கு அப்படியா?

ஜனவரியில் அந்தத் தாய்க்கு 19 பேர் விழுகிறது என்று வையுங்கள். கம்பனி தரும் 1550 வீதம் 29,450 ரூபா. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைவிட 550 ரூபா குறைவு. அரசாங்கத்தின் 200 சேர்ந்தால்தான், அதுவும் அது நிற்கும் வரைதான், அந்தக் கோட்டைத் தாண்டுவாள். 19இல் நாலு அரைப்பேராக விழுந்தால் கணக்கு இன்னும் கீழே போகும். அதற்குப் பிறகுதான் சேமலாப நிதியும் முற்பணமும் மற்றப் பிடிப்புகளும் கழியும்.

தோட்டத்தில் ஆள் இல்லை என்று கம்பனிகள் அழுகின்றன. ஆள் எப்படி இருக்கும்? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். இன்று அதில் பாதிப் பேர்கூட இல்லை. ஓ.எல். எழுதிய கையோடு பிள்ளைகள் கொழும்புக் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் பஸ் ஏறுகிறார்கள். தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். மரக்கறித் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் போகிறவன் அன்றன்றைக்குக் கூலி பேசி வாங்குகிறான். 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி தோட்டத்துறையில் 100க்கு 33.8 பேர் வறுமையில் இருந்தார்கள். முழு நாட்டுக்கும் அது 14.3 தான். ஆட்கள் சோம்பேறிகளாகிப் போகவில்லை. கணக்குப் பார்த்துத்தான் போகிறார்கள்.

உற்பத்தி போதாது என்பது கம்பனிகளின் அடுத்த பாட்டு. கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் புதுச் செடி வைக்காதது நாமா? மலைகளைக் காடு ஏற விட்டது நாமா? 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தது நாமா? காட்டுக்குள் வழி தேடிக் கொழுந்து எடுப்பவளிடம் இன்னும் இரண்டு கிலோ கொண்டுவா என்பது என்ன நியாயம்?

முன்பு ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதைக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் பேச ஒரு மேசையாவது இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாவை முடிவு செய்ததும், கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளத்தைச் சபை சொல்கிறது, கிலோவைத் துரை சொல்கிறார். ஒரு கையால் கூட்டியதை மறு கையால் குறைக்க அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கங்கள் நாம் பல வருடம் 'ஆயிரம், ஆயிரம்' என்று ஒரே தொகையைக் கோஷமாக்கினோம். அது 2021இல்தான் வந்தது. அடுத்த வருடம் ரூபா விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் அந்த ஆயிரத்தைத் தின்றுவிட்டன. நாள் எத்தனை, கிலோ எத்தனை, அடிப்படை எவ்வளவு என்று கேட்காமல் தொகையை மட்டும் கேட்டால் இப்படித்தான் ஏமாறுவோம். 1750 இன்னொரு ஆயிரமாகிவிடக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது நான்கு.

1. அந்த 200 ரூபாவும் அடிப்படைச் சம்பளத்தில் சேர வேண்டும். அதுவரை எந்த நிபந்தனையும் இல்லாமல், வந்த ஒவ்வொரு நாளுக்கும் கொடுக்கப்பட வேண்டும்.

2. மாதத்துக்கு 25 நாள் வேலை எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும்.

3. ஒரு பேருக்கான கிலோவை மலையையும் பருவத்தையும் பார்த்து, தோட்டக் கமிட்டியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

4. செடிகளைப் பிரித்துக் கொடுக்கும் வெளியார் முறைக்கு மாறினாலும் சேவைக்காலம், சேமலாப நிதி, பணிக்கொடை எதுவும் அறுபடக் கூடாது.

தோழர்களே, ஜனவரிச் சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் கிழித்துப் போடாதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள். எத்தனை பேர் விழுந்தது, அதில் எத்தனை அரைப்பேர், 200 எந்த வரியில் இருக்கிறது, சேமலாப நிதி எந்தத் தொகைக்குப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். பிறகு தோட்டத் தலைவரிடம் கொண்டுவாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம். ஒரு துண்டைக் காட்டினால் தவறுதலாக விழுந்த பிழை என்பார்கள். நூறு துண்டுகளைச் சேர்த்து வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

செக்ரோலில் விழும் பேர் நம்முடையது. அதன் கணக்கையும் இனி நாமே பார்ப்போம்.