மூணாவது கம்பி எதற்கு?

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை. காய்கறிக்காரம்மாகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுவிட்டாள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 45. ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். அப்புறம் அடுப்படி, பிள்ளைகள், மாமியார் என்றே வருஷங்கள் ஓடின. இப்போது நான் எலக்ட்ரீஷியன் வேலைக்கு அப்ரண்டிஸ். காலை எட்டரை மணிக்கு டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு.

காரணம், எங்கள் வீட்டு கிரைண்டர்.

2022-ம் வருஷம், ஐப்பசி அடைமழை. இட்லிக்கு மாவு ஓடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் தள்ளி விடுடி" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். "அம்மா!" என்று ஒரே ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் பெண் சுவரோரம் விழுந்து கிடக்கிறாள். கிரைண்டர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது அவளுக்குப் பதினாலு வயசு.

கடவுள் புண்ணியம், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

தப்பு யாருடையது தெரியுமா? என்னுடையதுதான். கிரைண்டர் வாங்கியபோது அதில் மூணு பின் ப்ளக் இருந்தது. எங்கள் அடுப்படியிலோ பழைய காலத்து இரண்டு ஓட்டை ப்ளக் பாயிண்ட். வந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம், "எப்படியாவது மாட்டிக் குடுப்பா, நாளைக்கு மாவு அரைக்கணும்" என்றேன். அவன் மூணு பின்னை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு பின் ப்ளக்கை மாட்டினான். மிச்சமிருந்த பச்சைக் கம்பியை மடக்கி டேப் சுற்றினான்.

"இந்த மூணாவது கம்பி எதுக்குப்பா?"

"அது சும்மாம்மா. சொன்னா உங்களுக்குப் புரியாது."

நானும் தலையாட்டினேன். அவன் சொன்னதுகூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை. சரிதான் போலிருக்கிறது என்று நான் தலையாட்டினேனே, அதுதான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி முழுக்க என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் அரசு ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்தேன். ஆண்களுக்கு 40 வயது வரை. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாவது பாஸ் போதும், இரண்டு வருஷம். படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. வரியை விரலால் தடவித் தடவி நாலு முறை படித்தேன்.

மாமியார், "கரண்ட்டோட விளையாடற வயசாடி இது?" என்றார். என் கணவர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூணாம் நாள், "உன் சர்ட்டிபிகேட்டெல்லாம் பரண் மேல டிரங்குப் பெட்டில இருக்கு. இறக்கித் தரட்டா?" என்று மட்டும் கேட்டார்.

வகுப்பில் எல்லாம் என் பிள்ளைகள் வயசுப் பையன்கள். முதல் நாள் என்னை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்! பாடம் சொல்லிக் கொடுத்த சாருக்கே என்னைவிடப் பத்து வயசு குறைவு. கரண்ட்டைக் கண்ணில் காட்டுவார்கள் என்று போனால், முதலில் இரும்புத் துண்டை அரத்தால் ராவச் சொன்னார்கள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கணக்கு சுத்தமாக மறந்து போயிருந்தது. ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு, என் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து வோல்ட்டையும் ஆம்பியரையும் வகுத்துப் பெருக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

ஆனால் சில விஷயங்களில் நான்தான் முதல். எர்த் குழி போட்டபோது குழாயைச் சுற்றி மரக்கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பையன்கள் அள்ளிக் கொட்டினார்கள். நான் மாவடு ஊறுகாய் ஜாடியில் போடுகிற மாதிரி அடுக்கினேன். சார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

2025-ல் பாஸ் செய்தேன். அப்ரண்டிஸாகச் சேர இடம் தேடியபோதுதான் வயசு குறுக்கே நின்றது. ரயில்வே அறிவிப்பில் பொதுப் பிரிவுக்கு 24 வயதுதான் எல்லை. கடைசியில் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிற ஒரு காண்ட்ராக்டர் சேர்த்துக்கொண்டார். அங்கே முப்பது வருஷம் சர்வீஸ் உள்ள அண்ணன் ஒருவரிடம் என்னை விட்டார்கள். அவர் முதல் வாரம் என்னோடு பேசவே இல்லை. "காடி வெட்டுங்க" என்று உளியையும் சுத்தியலையும் நீட்டினார், அவ்வளவுதான். சுவர் முழுக்க வெட்டினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சின்ன ஸ்க்ரூவைப் பார்க்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேறு!

இரண்டாவது வாரம் ஒரு வீட்டில் பல்பு ஹோல்டர் மாற்றச் சொன்னார். சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். கீழேயிருந்து ஒரு சத்தம்: "டெஸ்டர் வெச்சுப் பாத்தீங்களா?" இல்லை. வைத்துப் பார்த்தால் டெஸ்டர் எரிகிறது! யாரோ புண்ணியவான், சுவிட்சை பேஸ் கம்பியில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருக்கிறான். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் இருக்கும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அண்ணன் திட்டவில்லை. "பயம் இருக்கட்டும்மா, பயம் போயிட்ட ஆளுதான் சாவான்" என்றார். அன்றிலிருந்து மெயினை அணைக்காமல், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

கதவைத் திறக்கிறவர்கள், "ஆம்பளை யாரும் வரலையா?" என்று என் பின்னால் எட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் பகலில் தனியாக இருக்கிற பெண்கள், "அக்கா, நீங்களே வாங்க" என்று கேட்கவும் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் "உங்களுக்குப் புரியாது" என்று நான் சொன்னதில்லை.

சரி, அந்த மூணாவது கம்பி எதற்கு? கிரைண்டருக்குள் கம்பி தேய்ந்து உடம்பில் பட்டுவிட்டால், கரண்ட் பூமிக்குப் போக வழி தேடும். பச்சைக் கம்பி இருந்தால் அதன் வழியே பாய்ந்து போகும், ப்யூஸும் போய்விடும். அது இல்லாவிட்டால், தொடுகிற நம் பிள்ளைதான் வழி. ப்ளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருக்கிறதே, ஏன்? உள்ளே போகும்போது அதுதான் முதலில் தொடும், வெளியே வரும்போது கடைசியாக விடும்.

சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் அடுப்படியைப் பாருங்கள். கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றிலும் மூணு பின் இருக்கிறதா? சுவரில் உள்ள மேல் ஓட்டைக்கு நிஜமாகவே எர்த் கம்பி வந்திருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ளவரை அழைத்துப் பாருங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். பால் கணக்கு மாதிரி, போன கரண்ட் அத்தனையும் திரும்பி வந்ததா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அணைத்துவிடும். யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்; முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள்.

எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பொத்தான் ஒன்று இருக்கிறது. மாதா மாதம் முதல் தேதி அதை அழுத்திப் பார்ப்பது என் மகளின் வேலை. 'டக்' என்று வீடே இருட்டாகும். "சீரியல் போச்சே!" என்று மாமியார் சத்தம் போடுவார். எனக்கு அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டால்தான் நிம்மதி.