சொந்தக் காட்டில் ஒரு வீடு

நிலம் நம்முடையது. பட்டா நம் பெயரில் இருக்கிறது. வில்லங்கம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த நிலத்தின் ஒரு மூலையில் பெண்டு பிள்ளைகளோடு குடியிருக்க ஒரு வீடு கட்ட வேண்டும் என்று கிளம்பினால், ஏதோ அடுத்தவன் சொத்தை அபகரிக்க வந்தவனைப் போல ஒவ்வொரு மேசை முன்னாலும் நிற்க வேண்டியிருக்கிறது. கிராமத்தில் வீடு கட்ட முயன்ற எவரையும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

ஊருக்குள்ளேயே கட்டலாமே என்பார்கள். ஊருக்குள் என்றால் நத்தம். வெள்ளைக்காரன் காலத்தில் நிலவரித் திட்டம் போட்டபோது, மக்கள் குடியிருந்த இடத்தை விளைநிலத்திலிருந்து பிரித்து நத்தம் என்று வைத்தார்கள். அன்றைக்கு இருந்த குடிகளுக்கு அது போதும். இன்றைக்குத் தாத்தா கட்டிய ஒரே வீட்டை மூன்றாகத் தடுத்து மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. சுவரோடு சுவர். ஒரு டூவீலர் நிறுத்த இடமில்லை. நத்தம் நிரம்பிப் பல காலம் ஆகிவிட்டது. ஊர் வளர்ந்த அளவுக்கு நத்தம் வளரவில்லை.

தவிர, கொங்குப் பக்கம் விவசாயி காட்டில் குடியிருப்பது புதிய பழக்கம் அல்ல. கிணற்றுமேட்டை ஒட்டித் தோட்டத்துச் சாளை, பக்கத்தில் கட்டுத்தரை, முன்னால் களம் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்கள் இவை. அது வசதிக்காக அல்ல, தேவைக்காக. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். காட்டுப்பன்றி இறங்கினால் விரட்ட வேண்டும். கறவை மாடு கன்று போடும் நேரத்தில் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊருக்குள் படுத்துக்கொண்டு இந்த வேலையெல்லாம் பார்க்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்தபோது நத்தத்து வீடு அண்ணனுக்குப் போனது. எனக்குக் கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கர் புஞ்சை. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, உட்பிரிவு ஆகி, தனிப்பட்டாவும் வந்துவிட்டது. பட்டா, சிட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று, இஞ்சினியர் போட்டுக் கொடுத்த பிளான் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு, வீடு கட்ட அனுமதி கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். வாங்கிப் புரட்டியவர் பட்டாவிலேயே நிறுத்திக்கொண்டார்.

“ஏனுங்க, இது புஞ்சைன்னு இருக்குதுங்க. மனைன்னு இல்லீங்களே?”

“விவசாயம் பண்றவனுக்குப் புஞ்சைதானுங்க இருக்கும்?”

“அதுக்கு நான் என்னங்க பண்றது? நிலப் பயன்பாட்டை மாத்திட்டு வாங்க.”

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் முன்னால் இருக்கும் விதி அப்படி. விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கென்று 2017-ல் தனி விதிகளே வந்துவிட்டன. நஞ்சையாக இருந்தால் கலெக்டரின் இசைவு வேண்டும். அதற்கு முன் வேளாண்மைத் துறை, வருவாய்த் துறை என்று கருத்துக் கேட்டு ஃபைல் சுற்ற வேண்டும். நூறு வீடு கட்ட நிலம் வளைப்பவனும் ஒரு வீடு கட்ட வருபவனும் அந்த வரிசையில் ஒன்றுதான்.

அடுத்து, பாதை. எங்கள் காட்டுக்குப் போவது வண்டித்தடம். என் தாத்தா காலத்திலிருந்து எருவண்டி போனதும் கரும்பு வண்டி வந்ததும் அதே தடத்தில்தான். இரண்டு பக்கத்துக் காட்டுக்காரர்களும் பொழியில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டு உண்டாக்கிய தடம் அது. வாய்வார்த்தையில் நடந்த காரியம். புலப்படத்தில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை. படத்தில் இல்லாததால், “உங்க இடத்துக்குப் பாதையே இல்லை” என்று எழுதிவிட முடிகிறது. அதே தடத்தில் அன்றைக்குக் காலையிலும் பால்வண்டி வந்து போயிருக்கிறது. பாதையைப் பத்திரமாக எழுதித் தாருங்கள் என்று பங்காளிகளைக் கேட்டால், அதுவரை இல்லாத சந்தேகமும் மனஸ்தாபமும் அங்கே முளைக்கின்றன.

சுயசான்று முறை வந்துவிட்டதே, பிறகென்ன என்று டவுனில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் வரை என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 2500 சதுர அடி என்பது ஆறு சென்டுகூட இல்லை. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. காட்டுக்கு நடுவே வீடு கட்டுகிறவன் இந்த வரம்புக்குள் வர வேண்டுமானால் தன் நிலத்தைத் தானே துண்டு போட்டு மனையாக்க வேண்டும். துண்டு போட்டால் மனைப்பிரிவு அனுமதி என்ற அடுத்த கதவு குறுக்கே நிற்கிறது. டவுன் மனையை மனதில் வைத்து எழுதிய விதி இது. காடு எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதியதாகத் தெரியவில்லை.

அனுமதி இல்லாவிட்டால் வங்கியில் வீட்டுக்கடன் இல்லை. அப்புறம் என்ன, மனைவியின் நகையும் வெளிவட்டியும்தான். மாதத் தவணையில் இருபது வருடத்தில் அடைக்க வேண்டிய கடனை வட்டிக்காரரிடம் வாங்கி, அதை அடைக்கக் காட்டையே விற்றவர்களை எனக்குத் தெரியும். பலர் எதையும் கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். வீட்டுவரி ரசீதும் பிறகு எப்படியோ கிடைத்துவிடுகிறது. ஆனால் வேண்டாதவன் ஒருவன் மனு எழுதிப் போட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் அந்த வீட்டில் கடைசிவரை இருக்கும். சொந்த நிலத்தில் சொந்தக் காசைப் போட்டுக் கட்டிய வீட்டில் பயந்துகொண்டு வாழ்வது என்ன வாழ்க்கை?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளைநிலம் கண்முன்னே அழிவதைப் பார்த்து வயிறெரிகிறவர்களில் நானும் ஒருவன். நான் சிறுவனாக இருந்தபோது மஞ்சளும் நெல்லும் விளைந்த காடுகளில் இன்றைக்குக் கலர் அடித்த மனைக்கற்கள் நிற்கின்றன. வாய்க்காலை மூடி, வளைவு கட்டி, கொடி பறக்கவிட்டு விற்றார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது மகிழ்ந்தவன் நான். அதன் பிறகு, 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதி வகுத்தது. காலக்கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. மனை வாங்கி ஏமாந்த எளியவர்களுக்காக அது தேவைதான். ஆனால் நிலத்தை அறுத்து விற்று லாபம் பார்த்தவன் அதோடு தப்பித்துக்கொண்டான். அவனைத் தடுக்கப் போட்ட வேலி, நிலத்தை விற்காமல் வைத்துக் காப்பாற்றியவன் காலில் குத்துகிறது.

விற்க நினைப்பவனுக்கும் குடியிருக்க நினைப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டத்தால் பார்க்க முடியாதா? பக்கத்துக் கேரளத்தில் பார்த்திருக்கிறார்கள். நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காப்பதற்கென்றே 2008-ல் அங்கே கடுமையான சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலேயே, வீடு கட்ட வேறு இடமில்லாத உரிமையாளர் தன் வயலில் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை வீட்டுக்காகக் கேட்க வழி விட்டிருக்கிறார்கள். அங்கும் அலைச்சல் உண்டு என்று கேள்விப்படுகிறேன். இருந்தாலும் வயலையும் காக்க வேண்டும், வயல்காரனும் வாழ வேண்டும் என்ற நினைப்பாவது சட்டத்தில் எழுத்தில் இருக்கிறது.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவன் தன் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்ட, இத்தனை சென்ட் வரை நிலப் பயன்பாட்டு மாற்றமும் மனைப்பிரிவும் தேவையில்லை என்று ஒரு விதி எழுதுங்கள். அந்த வீட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியாக விற்கக் கூடாது என்று நிபந்தனையும் போடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். ஏரி, குளம், ஓடைக்கு விட வேண்டிய இடத்தில் ஓர் அடிகூடக் குறைக்க வேண்டாம். வண்டித்தடம் இருக்கிறதா இல்லையா என்பதை ஊராட்சியும் கிராம நிர்வாக அலுவலரும் நேரில் வந்து பார்த்து எழுதட்டும். மனுவுக்கு இத்தனை நாளில் பதில், மறுத்தால் காரணம் எழுத்தில் என்று இருக்கட்டும்.

விவசாயத்தை விட்டுப் போகாதீர்கள், கிராமத்திலேயே இருங்கள் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். இருக்கத்தான் நினைக்கிறோம். இருப்பதற்கு ஒரு வீடு கட்டிக்கொள்ள விடுங்கள்.